விஜயபாண்டியின் பாய்லரும் எலினாவின் மலையும்

எங்கள் கல்லூரியில் ‘மலை டீச்சர்’ என்றால்தான் பிள்ளைகளுக்கு எலினாவைத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வேலை பார்க்கிற அந்தக் கல்லூரியில் அவள் இயற்பியல் எடுக்கிறாள், நான் வேதியியல். இருவருக்கும் வீடு ராஜபாளையத்தில். காலையிலும் சாயங்காலமும் ஒரே பஸ், பெரும்பாலும் ஒரே சீட். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி நானே பார்த்தது, மீதி பஸ்ஸில் அவள் வாயால் கேட்டது. கூட்டிச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. கோபத்தில் திட்டும்போதுகூடத் தசமப் புள்ளி வைத்துத்தான் திட்டுவாள்.

முப்பத்தாறு வயது. அப்பா சூசை மில்லில் ஃபிட்டராக இருந்தவர், அவள் எம்.எஸ்ஸி. படிக்கும்போதே காலமாகிவிட்டார். அம்மா ஜெயக்கொடிக்கு முழங்கால் தேய்மானம். நாலு படி ஏறினால் நாற்காலி தேடுவார். கல்யாணம் வேண்டாம் என்று எலினா ஒருநாளும் சொன்னதில்லை. வந்து பார்த்தவர்களிடமெல்லாம் கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். காற்றாலைக் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் பெண் பார்க்க வந்தார். காற்றின் வேகத்தை எந்த உயரத்தில் வைத்து அளக்கிறீர்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். அந்த மனிதர் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டார்.

எங்கள் நிர்வாகம் ஒரு வருடம் திடீரென்று விழித்துக்கொண்டு, டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் சீக்கிரம் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு எங்களைக் குறை சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. நான் ஏற்கனவே எப்படியோ முட்டி மோதி வாங்கியிருந்தேன். எலினா அப்போதுதான் பதிவு செய்தாள். ராஜரத்தினம் சார்தான் அவளுக்கு வழிகாட்டி. வேறொரு கல்லூரியின் பேராசிரியர், கூட்டங்களில் முதல் வரிசையில் உட்காருகிறவர், பேசக் கொடுத்தால் மைக்கைத் திருப்பித் தர மாட்டார்.

காற்றில் கலந்த மாசு நம் பார்வையை எவ்வளவு தூரத்துக்கு மறைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு மாடலை உருவாக்குவதுதான் ஆராய்ச்சி. எனக்கு அது விளங்க மூன்று பஸ் பயணம் ஆனது. மலை கறுப்பு, அதன் பின்னால் வானம் வெளுப்பு. அந்த வித்தியாசம் இருப்பதால்தான் மலை மலையாகத் தெரிகிறது. இடையில் கிடக்கிற தூசியும் புகையும் வெயிலைச் சிதறடித்து நம் கண்ணுக்குள் அனுப்பும்போது, மலையின் கறுப்பில் வெள்ளை ஏறுகிறது. ஏற ஏற மலை வானத்தோடு சேர்ந்துகொள்ளும். எவ்வளவு வெள்ளை ஏறியது என்று கேமராவால் அளந்துவிட்டால், அன்றைக்குக் கண் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று சொல்லிவிடலாம்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் காற்றில் தூசி எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஈரம் எதற்கு என்று கேட்டேன். சில பொடித்தூசிகள் ஈரத்தைக் குடித்து உப்பிவிடுமாம். மத்தியான வெயிலில் சாதுவாகக் கிடக்கிற அதே தூசி, பனி இறங்கிய விடியலில் மலையையே மறைத்துவிடும். தூசியையும் ஈரத்தையும் வைத்து, மலை இவ்வளவு மங்க வேண்டும் என்று மாடல் சொல்லும். இவ்வளவு மங்கியது என்று கேமரா சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் மாடல் சரி, ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கோளாறு. இதைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எலினாவின் வீடு சத்திரப்பட்டி ரோட்டில் இருக்கிறது. மொட்டை மாடியின் மேற்கு ஓரத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு கம்பியைக் கட்டி, அதில் ஒரு பழைய போனை மேற்கே மலையைப் பார்க்க வைத்தாள். பக்கத்திலேயே தூசி அளக்கும் சிறு கருவி. போன் காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் வரை படம் எடுத்து, மலைக்கும் வானத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானே கணக்கிட்டு, எண்ணை மட்டும் அவளுக்கு அனுப்பும். அவள் அதைக் கல்லூரியில் இருந்தபடியே பார்த்துக்கொள்வாள். மாசி மாதம் வைத்தது, வைகாசி வரை மாடலும் கேமராவும் அண்ணன் தம்பியாக ஒத்துப்போயின. பஸ்ஸில் அவள் பாட்டு முணுமுணுத்ததை அந்த நாட்களில்தான் கேட்டேன்.

அவள் வீட்டுக்கு மேற்கே, சுவரை ஒட்டி, விஜயபாண்டியின் சலவைப் பட்டறை. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்யாத தெரு குறைவு. தறியிலிருந்து வருகிற துணி பழுப்பாக இருக்கும். அதைப் பெரிய தொட்டியில் போட்டு வேகவைத்து வெளுத்துத் தருவது விஜயபாண்டியின் வேலை. அதற்கு விறகு பாய்லர். புகைபோக்கி உயரம் பற்றாது. பாய்லர் எரிகிற நாளில் புகை நேராக எலினா வீட்டு ஜன்னலுக்குள் வந்து குசலம் விசாரிக்கும். ஜெயக்கொடியம்மாள் இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவார். அந்தப் புகைமேல் எலினாவுக்கு ஆரம்பத்திலிருந்தே கடுப்பு. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனி பிறந்ததும் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. சில நாட்களில் தூசி கொஞ்சம்தான், ஈரமும் கொஞ்சம்தான், ஆனால் கேமராவில் மலை பாதி அழிந்துவிட்டது. மேகம் இறங்கிய நாட்களை அவள் முன்பே கழித்துவிட்டாள். பார்த்தால், மலை அழிகிற நாளெல்லாம் பாய்லர் எரிகிற நாள். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. அன்று மலை பளிச்சென்று இருந்தது. ஆடிப் பண்டிகைக்குப் பட்டறை சாத்தியபோதும் மலை பளிச்சென்றே இருந்தது. எரிந்தால் மலை போகும், நின்றால் மலை வரும். வைகாசி வரை ஒத்துப்போனது ஏன் என்றால், ஆனியில் மேல்காற்று வலுத்த பிறகுதான் புகை கேமராவுக்கு முன்னால் வருகிறது என்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு ஆராய்ச்சியாளருக்கு என்ன வேண்டும்?

கருவியில் ஏறிய தூசி அவ்வளவு பெரிய மறைப்புக்குப் போதாது என்பது அவளுக்கும் தெரியும். அதனால் அந்தப் புகைக்கு மட்டும் மாடலில் ஒரு தனி எண் கொடுத்தாள். அதாவது, இந்த விறகுப் புகை சாதாரணப் புகை இல்லை, கொஞ்சம் இருந்தாலே நிறைய மறைக்கும் என்று அர்த்தம். ராஜரத்தினம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. வெளுப்பு மருந்தின் ஆவி புகையோடு சேர்ந்து வேறு ஏதோ ஆகிறது, இது உலகத்திலேயே யாரும் சொல்லாதது, இதுதான் உங்கள் தீசிஸ் என்றார். என்னிடமும் கேட்டாள். வேதியியலில் அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் எனக்கு என்னவோ பிடிபடவில்லை என்றேன்.

“ஏட்டி, எண்ணு சொல்லுது. ஒனக்குப் பிடிபட்டா என்ன, படாட்டா என்ன?” என்றாள்.

ஐப்பசியில் காற்று திசை மாறியது. புகை அவள் வீட்டுப் பக்கம் வருவது குறைந்தது. மலை மங்குவது மட்டும் குறையவில்லை. அந்த இடத்தில் அவள் நின்று யோசித்திருக்க வேண்டும். அது அடைமழைக் காலத்து ஈரம் என்று சார் சொல்லிவிட்டார், அவளும் தலையாட்டிவிட்டாள். கேள்வி கேட்டே கல்யாணத்தைத் தட்டிக்கழித்தவள், தனக்குப் பிடித்த விடை வந்ததும் கேள்வியை மறந்துவிட்டாள். எல்லாருக்கும் நடப்பதுதான். அவளுக்கு நடக்காது என்று நினைத்திருந்தேன்.

கார்த்திகையில் தாலுகா ஆபீஸில் காற்று மாசைப் பற்றி ஒரு கூட்டம். சார் எலினாவின் படங்களைத் திரையில் ஓடவிட்டுப் பேசினார். பட்டறையின் பெயர் வராது என்று அவளிடம் சொல்லியிருந்தார். ஆனால் வரைபடத்தில் பெயர் கொட்டை எழுத்தில் நின்றது. சில நாளிலேயே விஜயபாண்டிக்கு உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை பாய்லரை எரிக்கக் கூடாது, குற்றம் உறுதியானால் பட்டறையை நிரந்தரமாக மூட வேண்டியிருக்கும்.

விஜயபாண்டி சண்டைக்கு வருவார் என்று ஜெயக்கொடியம்மாள் கதவைத் தாழ்போட்டு வைத்திருந்தார். அவர் வந்தார்தான், ஆனால் கேட்டுக்கு வெளியேயே நின்றார். ஐம்பதை நெருங்குகிற மனிதர். மில்லில் மூட்டை ஏற்றியவர், தானே தொட்டி கட்டிப் பாய்லர் வைத்து மேலே வந்தவர். பத்துப் பன்னிரண்டு பெண்கள் அவரிடம் வேலை பார்த்தார்கள்.

“டீச்சர், எம் பாய்லர்தான் மலைய மறைக்குதா?”

“கணக்கு அப்பிடித்தான் வருது, அண்ணாச்சி.”

“நல்லாப் பாத்துட்டீகளா?”

“ஒம்பது மாசமாப் பாக்கேன்.”

“அப்பச் சரி, டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று மறுநாள் பஸ்ஸில் எலினா சொன்னாள். திட்டுகிற வேலையை வெள்ளத்தாய் பார்த்துக்கொண்டார். அவர் அந்தப் பட்டறையில் துணி அலசுகிறவர். சாயங்காலம் எலினா பஸ்ஸை விட்டு இறங்குவதற்குக் காத்திருந்து ஆரம்பித்தார். “படிச்சவுக ஒரு பட்டனத் தட்டுனா பன்னெண்டு அடுப்பு அணையுது. ஒங்களுக்கு மலையப் பாத்தாத்தான் சோறு எறங்குமோ?” என்றார். எலினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கணக்கு தன் பக்கம் என்று நினைக்கிறவர்களுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

பாய்லர் நின்ற மறுநாளே கேமராவில் மலை தெளிந்தது. ஒரு வாரம் தொடர்ந்து அப்படியே. சார் முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்த படத்தையும் பத்திரிகைக்கு அனுப்பினார். மாவட்டப் பக்கத்தில் ‘பாய்லர் நின்றது, மலை தெரிந்தது’ என்று வந்தது. கல்லூரி நோட்டீஸ் போர்டில் அதை ஒட்டினார்கள். முதல்வர் கைகொடுத்தார். எலினா தீசிஸை முடித்துச் சார் கையில் கொடுத்துவிட்டாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மார்கழிக் கடைசியில், விசாரணைக்குச் சில நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்டாஃப் ரூமில் இருவரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தோம். எலினா போனைப் பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது. மலை போய்விட்டது. தூசி சாதாரணம், ஈரம் சாதாரணம், ஆனால் கேமராவில் மலை பாதி இல்லை. பழைய பாய்லர் நாட்களில் வருமே, அதே எண்.

“களவாப் பாய்லரை எரிக்கான்” என்றாள். விஜயபாண்டியை அவள் மரியாதை இல்லாமல் பேசி அன்றுதான் கேட்டேன். “உத்தரவு போட்டுங்கூட எரிக்கான். இன்னைக்குக் கையுங்களவுமாப் பிடிக்கேன்.”

மத்தியான வகுப்பை என் தலையில் கட்டிவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறிப் போனாள். அத்தனை மாதத்தில் வேலை நாளில் அவள் மத்தியானம் வீட்டில் இருந்ததே இல்லை. காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கும் லீவு. அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது, ஆனால் அது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பட்டறைக்குள் நுழைந்திருக்கிறாள். வெள்ளத்தாயும் இன்னும் சில பெண்களும் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். விஜயபாண்டி இல்லை.

“பாய்லரை எரிச்சீகளா?” என்று கேட்டாள்.

“வந்து தொட்டுப் பாருங்க டீச்சர். பச்சத் தண்ணியாக் கெடக்கு” என்றார் வெள்ளத்தாய். எழுந்திருக்கக்கூட இல்லை.

எலினா உண்மையிலேயே போய்த் தொட்டாள். பாய்லர் சில்லென்று இருந்தது. அடுப்பு வாயில் சாம்பலும் இல்லை, ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. அப்படியென்றால் இந்தத் துணி எங்கே வெளுத்தது என்று கேட்டாள். முதலாளி வேறொரு பட்டறையில் கெஞ்சி வெளுக்கக் கொடுத்து, ஈரத்தோடு வண்டியில் கொண்டு வந்து போட்டதாக வெள்ளத்தாய் சொன்னார். “மடிக்கிற வேலையாவது எங்களுக்கு இருக்கட்டும்னு பாக்காக. அதுவும் ஒங்களுக்குப் பொறுக்கலயா?”

எலினா வீட்டுக்குள் போய், நேராக மாடி ஏறினாள். தூசிக் கருவி கெட்டுவிட்டதோ என்று பார்க்கத்தான் ஏறினாள். மேலே போனதும் அப்படியே நின்றுவிட்டாள்.

விஜயபாண்டியின் மாடியில், சுவரை ஒட்டி, ஆளுயரத்துக்கு மேல் மூங்கில் நட்டுக் கட்டிய கயிற்றில் பேண்டேஜ் துணி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. சல்லடை போன்ற துணி, வெயில் பட்டு வெள்ளையாக மினுங்கியது. கேமராவின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால், அதன் பார்வை முழுவதையும் மூடிக்கொண்டு, ஒரு துணி தொங்கியது. அவள் கேமரா மலையைப் பார்த்தது அந்தத் துணி வழியாக.

மூங்கிலை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவின் கண்ணாடியைத் துடைக்க மாடி ஏறும்போது அது அங்கேதான் நின்றது, வெறுங்கயிற்றோடு. மாடிக்கு மாடி மூங்கில் நிற்கிற ஊரில் மூங்கிலை யார் பார்க்கிறார்கள்? வெளியூர்க்காரி யாராவது அந்த ஆராய்ச்சியைச் செய்திருந்தால், இது என்ன கம்பு என்று முதல் வாரமே கேட்டிருப்பாள். அதுவரை பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி மனையில்தான் துணி காய்ந்தது. அந்த மனையில் யாரோ வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியதும், விஜயபாண்டி கொடியை மாடிக்கு மாற்றினார். அது ஆனி மாதம்.

பாய்லர் எரிந்தால் துணி வெளுக்கும். வெளுத்த துணி பத்து மணிக்கு மேல் மாடிக்கு வரும், காய்ந்ததும் இறங்கிவிடும். எலினா வருவதற்குள் கயிறு காலி. பாய்லர் நாளில் மலை மங்கியதும் ஞாயிறன்று தெளிந்ததும் இதனால்தான். படத்தில் துணி தெரியவில்லையே என்று நானும் கேட்டேன். தூரத்து மலைக்குச் சரிசெய்த கேமராவுக்கு ஒரு முழத்தில் இருக்கிற மெல்லிய துணி துணியாகத் தெரியாது. இழைகள் கலங்கி, படம் முழுவதும் ஒரே சீராக வெள்ளை ஏறும், தூசி செய்வதைப் போலவே. காற்றடித்துத் துணி ஆடும்போது எண் குதித்திருக்கிறது. புகை அலைகிறது என்று தீசிஸில் அதற்கு ஒரு பத்தி எழுதியிருந்தாள்.

அவள் கையை நீட்டித் துணியை ஒதுக்கினாள், போனில் எண் ஏறியது. விட்டாள், இறங்கியது. நம்ப மனமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். அப்புறம் எனக்குப் போன் செய்தாள்.

“சத்யா, மலைய மறைச்சது துணிட்டி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தும்விட்டேன். அப்போதுதான் பன்னிரண்டு பெண்களும் ஒரு பட்டறையும் என் நினைவுக்கு வந்தார்கள். சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ராஜரத்தினம் சாரைப் பார்க்க நானும் கூடப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார், தண்ணீர் குடித்தார். பிறகு ரொம்ப அமைதியாகப் பேசினார். “பாய்லர் நின்னதுல யாருக்கும்மா கெடுதல்? புகை புகைதானே? உங்க அம்மாவுக்கே இருமல். விசாரணை முடியட்டும், தீசிஸ் போகட்டும். பொறவு ஒரு பேப்பர்ல சத்தமில்லாமத் திருத்திக்கலாம்.”

“புகை கெடுதல்னா புகையச் சொல்லித்தான் மூடணும் சார். மலையச் சொல்லி மூடக் கூடாது.”

“இப்ப நீங்க மாத்திச் சொன்னா, அடுத்து உண்மையிலேயே புகை விடுறவன் மேல நாம எதச் சொன்னாலும் எவன் நம்புவான்?”

இந்தக் கேள்வி தப்பான கேள்வி இல்லை. அவரை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன். எலினா பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அந்த இரண்டு மூன்று நாளும் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். விசாரணையில் சொன்னால் தீசிஸ் போகும், தீசிஸ் போனால் வேலையே ஆட்டம் காணும். சொல்லாவிட்டால் விஜயபாண்டியின் பட்டறை போகும்.

வீட்டில் இன்னொரு சிக்கல். பாய்லர் நின்றதிலிருந்து ஜெயக்கொடியம்மாளுக்கு இருமல் உண்மையாகவே குறைந்திருந்தது.

“இந்தக் கொஞ்ச நாளாத்தான் நிம்மதியாத் தூங்குதேன்” என்றார் என்னிடம். பிறகு மகளைப் பார்த்து, “நீ போயி உள்ளதச் சொல்லிட்டு வா. அந்த மனுசன் மலைய மறைக்கலன்னு சொல்லு. ஆனா, புகையே வரலன்னு மட்டும் சொல்லிறாத” என்றார்.

எலினா துணி காய்ந்த நாட்களையெல்லாம் நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டாள். புகைக்குக் கொடுத்திருந்த தனி எண் தேவையே இல்லாமல் போனது. வீட்டுக்கும் மலைக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் காற்று. அதில் பாய்லர் புகை கிடப்பது ஒரு தெரு அகலம்தான். மலையை உண்மையில் மங்கவைப்பது ஊரெல்லாம் சேர்ந்து கிளப்புகிற தூசி, ஓரமாகக் கொளுத்துகிற குப்பை, எங்கெங்கிருந்தோ வந்து தங்குகிற பொடிப்புகை, அதன்மேல் ஏறுகிற ஈரம். இதில் விஜயபாண்டிக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு எனக்கும் என் ஸ்கூட்டருக்கும் உண்டு.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. விஜயபாண்டி வெள்ளைச் சட்டை போட்டு ஓரத்தில் நின்றார், வெள்ளத்தாய் அவருக்குப் பின்னால். சார் முதல் வரிசை. அதிகாரி எலினாவை அழைத்ததும், அவள் தன் அறிக்கை தவறு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டாள். துணியைப் பற்றிச் சொன்னபோது யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்திவிட்டு, சிரித்து முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவள் குரல் நடுங்கவில்லை.

“அப்படின்னா அந்தப் புகையால ஒண்ணும் இல்லைங்கிறீங்களா?” என்றார் அதிகாரி.

“அப்படிச் சொல்லல சார். பக்கத்து வீட்டுக்குப் புகை வருது, எங்கம்மாவுக்கே இருமல். புகைபோக்கிய ஒசத்தணும். அத நான் எழுதித் தாரேன். ஆனா மலை மறைஞ்சது அவரால இல்ல. நான் கேமராவ வச்ச எடம் தப்பு.”

புகைபோக்கியை உயர்த்திக் காட்டிவிட்டுப் பாய்லரை எரிக்கலாம் என்று உத்தரவு மாறியது. ராஜரத்தினம் சார் எங்களைப் பார்க்காமலே காரில் ஏறினார். இனிமேல் அவளுக்கு வழிகாட்ட முடியாது என்று பிற்பாடு எழுதி அனுப்பினார். கல்லூரியில் நோட்டீஸ் போர்டுக் காகிதத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். அவள் வேலை இன்றைக்கு வரை இருக்கிறது, நாளைக்கு என்ன என்று தெரியாது. வேறு வழிகாட்டியைத் தேடி, முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். கேமராவை வேறு மாடிக்கு மாற்றிவிட்டாள்.

விசாரணை முடிந்து நாங்கள் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறியபோது, விஜயபாண்டியும் அதே பஸ்ஸில் எங்கள் முன் சீட்டில் இருந்தார். வெள்ளத்தாய் அவருக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனார். எலினா விஜயபாண்டியிடம் மன்னிப்புக் கேட்டாள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. “தப்புப் பண்ணிட்டேன், அண்ணாச்சி. மன்னிச்சிருங்க” என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் ஊரைத் தாண்டியதும் எங்கள் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க அண்ணாச்சி.”

“அப்ப, பாய்லர் நின்ன பொறவும் மலை முன்ன இருந்த மாதிரியேதான் இருந்துச்சா?”

“அப்பிடியேதான் இருந்துச்சு. துணி இல்லாததால கேமராவுக்குத்தான் தெளிஞ்சுது. மலையில ஒரு மாத்தமும் இல்ல.”

அவர் நீளமாக மூச்சு விட்டார்.

“பேப்பர்ல மலை தெளிஞ்சிருச்சுன்னு போட்டிருந்தாக. எம் பொழப்பு போனாலும் போகுது, ஊருக்கு மலை தெரியுதான்னு பாப்பம்னு, தெனமும் மாடியில ஏறி நின்னு பாத்தேன். எனக்கு எப்பவும் போலத்தான் தெரிஞ்சுது. டீச்சர் மெசின வச்சு அளந்திருக்காக, அது பொய்யா இருக்காது, நமக்குத்தான் கண்ணு போச்சுன்னு மதுரைக்குப் போயிக் காட்டுனேன். கண்ணுல ஒரு கோளாறும் இல்லன்னாரு டாக்டரு. நான் நம்பல. இன்னொரு ஆஸ்பத்திரியிலயும் காட்டிட்டு வந்தேன்.”

தீசிஸ் போகும் என்று தெரிந்தபோது எலினா அழவில்லை. அத்தனை பேர் முன்னால் அவளைப் பார்த்துச் சிரித்தார்களே, அப்போதும் அழவில்லை. இப்போது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டி, தேம்பித் தேம்பி அழுதாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விஜயபாண்டி பதறிப்போனார். “ஐயோ, அழாதீக டீச்சர். அதான் கண்ணு நல்லாருக்குன்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாகள்ல” என்றார்.